பசிபிக் ரோஸில் சூகிம் சொன்னது

எங்கள் தெருவுக்குச் சாயங்கால ஜனம் திரும்பி வந்தது எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். துறைமுகக் கிடங்குச் சுவர்களில் படம் வரைய ஆரம்பித்த வருஷம் என்பார் முடிதிருத்துகிறவர். கடலோரமாக டிராம் விட்ட வருஷம் என்பாள் பழக்கடைக்காரி. என்னைக் கேட்டால், தினம் எட்டு வாத்துக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தவள் பதினைந்து வாத்துக்குப் போட ஆரம்பித்தேனே, அந்த வருஷம். காவ்ஷியுங் துறைமுகத்தை ஒட்டின யான்செங் பேட்டையில், சாயங்காலம் ஏழு மணிக்கே நாய்கள் நடுரோட்டில் படுத்துத் தூங்கின காலம் ஒன்று உண்டு. இப்போது நாய்களுக்குத்தான் இடமில்லை.

என் வாத்துச்சோற்றுக் கடைக்கு எதிரே தியாம்ஹோக் அண்ணனின் இரும்புக் கடை. துறைமுகத்தில் பழைய கப்பல்களை உடைத்த காலத்தில் வாங்கிப் போட்ட சாமான்கள் இன்னும் கூரை வரை அடுக்கி இருக்கும். வால்வு, கப்பி, முழங்கைத் தடிமனில் சங்கிலி, பித்தளை வளையம் போட்ட கப்பல் ஜன்னல். அண்ணனுக்கு அப்போது எழுபத்திரண்டு வயசு. காலையில் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய்த் தொட்டியில் வால்வுகளை ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு உலை வைக்கக் கை வரும்.

புதிதாக வந்த ஜனங்களை அண்ணனுக்குப் புரியவே இல்லை. ஒருநாள் ஒரு வால்வைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"பிங், இதைப் பாரு. ஒரு பையன் வந்து இதை எடுத்து வைக்கச் சொன்னான். தேய்ச்சுத் தரேன்னேன். ஐயோ, துருவைத் தொட்டுராதீங்கன்னு கையெடுத்துக் கும்பிடுறான்."

"எதுக்காம்?"

"சாராயக் கடைச் சுவத்துல மாட்டவாம். தண்ணி வராத சுவத்துல வால்வு எதுக்குன்னு கேட்டேன். பாக்கறதுக்காம். இத்தனை வருஷமா எந்தத் துருவை எடுக்க உயிரை விட்டேனோ, அதுதான் வேணுமாம்."

"குடுத்துட்டுப் போங்க அண்ணே. உங்களுக்கு வேலை மிச்சம்."

"மிச்சம்தான். இருந்தாலும் ராத்திரி பூரா அந்த வால்வு கண்ணுக்குள்ளயே நிக்குது" என்றார்.

அவர் பெண்டாட்டி சூகிம் அக்காவுக்கு அறுபத்தெட்டு. ஒடிசலான உடம்பு, நேரான முதுகு. பெங்ஹூ தீவிலிருந்து பிழைக்க வந்த மீன்பிடிக் குடும்பம். கடையில் நட்டு போல்ட்டைத் தரம் பிரித்து டப்பாவில் போடுவது அவள் வேலை. கண்ணால் பார்க்கவே மாட்டாள், விரல் தடவினாலே அளவு சொல்லிவிடும். எண்பத்தைந்தாம் வருஷம் நான் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவளைத் தெரியும். சண்டை போட்டதில்லை, வம்பு பேசினதில்லை. அவளைப்பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இரும்புக் கடைக்குப் பக்கத்துக் கட்டடம் பசிபிக் ரோஸ். வியட்நாம் சண்டைக் காலத்தில் அமெரிக்கக் கப்பற்படை இங்கே வந்து இறங்கும்போது, இந்த வட்டாரத்தில் வரிசையாக பார்கள் இருந்தனவாம். அதில் ஒன்று. நான் வந்தபோதே கதவில் பலகை அடித்திருந்தது. முப்பத்திரண்டு வருஷம் கழித்து யீஜென் என்ற பெண் தைச்சுங்கிலிருந்து வந்து அதை வாடகைக்கு எடுத்தாள். முப்பது வயசுக்காரி, ஒட்ட வெட்டின முடி, எப்போதும் ஒரே கறுப்புச் சட்டை. பழைய பெயர்ப்பலகையையே துடைத்து மாட்டினாள். சனிக்கிழமை ஆறரைக்கு ஒரு நடை ஆரம்பித்தாள். இருபது பேர் காதில் குட்டிக் கருவியை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் வருவார்கள். தையல்கடை, முடிதிருத்தும் கடை, இரும்புச் சந்து எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் பசிபிக் ரோஸில் உட்கார்ந்து குடிப்பார்கள், பாட்டுக் கேட்பார்கள்.

அந்தக் காலத்துக் கதை சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று யீஜென் முதலில் ஹோக் அண்ணனிடம்தான் போனாள்.

"போல்ட்டு மரை பத்திக் கேளு, சொல்றேன். கதை கிதை எனக்குத் தெரியாது" என்று அண்ணன் தொட்டிக்குள் குனிந்துகொண்டார்.

உள்ளேயிருந்து சூகிம் அக்கா, போல்ட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "நான் சொல்றேன்" என்றாளாம். என்ன சொல்லப்போகிறாள், சந்தையில் மீன் விற்ற விலையைச் சொல்வாள் என்று அண்ணன் நினைத்தாராம்.

முதல் சனிக்கிழமை எனக்குக் கடையை விட்டு நகர முடியவில்லை. ஒன்பது மணிக்கு நடை முடிந்து ஐந்தாறு பேர் வாத்துச்சோறு சாப்பிட வந்தார்கள். ஒரு பெண் இஞ்சித் துருவலைச் சோற்றில் பிசைந்துகொண்டே கண்ணைத் துடைத்தாள். காரமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லக்கா. எதிர்க்கடைப் பெரியம்மா சொன்னதைத்தான் நினைச்சுக்கிட்டேன். பதினெட்டு வயசுல அந்த பார்ல வேலைக்கு வந்தாங்களாம். சிப்பாய்ங்க விஸ்கி வாங்கித் தருவாங்களாம், இவங்க கிளாஸ்ல மட்டும் ஆறின டீயை ஊத்துவாங்களாம். மறுநாள் சண்டைக்குப் போற பையன் ஒருத்தன் டான்ஸ் ஆடும்போதே தோள்ல தூங்கிட்டானாம். பாட்டு முடிஞ்சும் அவனை எழுப்பாம நின்னாங்களாம்."

"யாரு? சூகிம் அக்காவா?"

"பேர் தெரியல. அந்த இரும்புக் கடைப் பெரியம்மா."

கறி வெட்டுகிற கத்தி என் கையில் அப்படியே நின்றது.

மறுநாள் காலை கம்பி பிரஷ் சத்தம் கேட்கவில்லை. எட்டு மணிக்கு ஹோக் அண்ணன் வந்து, சாப்பிட ஒன்றும் கேட்காமல், பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கரும்புச் சக்கையைப் புகையடுப்பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ கேட்டியா?" என்றார்.

"காதுல விழுந்துச்சு."

"பழக்கடைக்காரி என்கிட்ட வந்து, அண்ணே, அண்ணி இவ்வளவு பெரிய ஆளான்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்ல? கல்யாணத்துக்கு முன்னாடி ரேடியோக் கம்பெனியில வேலை பாத்தான்னுதான் தரகர் சொன்னார். எங்க அம்மாவும் அதைத்தான் சொன்னா."

"அக்காகிட்டயே கேட்டீங்களா?"

"கேட்டேன். கதைங்கறா."

"அப்புறம் என்ன அண்ணே, கதைன்னா கதைதான்."

"அதைச் சொல்லும்போது என்னைப் பாக்கல பிங். போல்ட்டைப் பாத்தா. அவ எப்பயும் போல்ட்டைப் பாக்க மாட்டா."

ஒரு கிண்ணம் வாத்து சூப் வைத்தேன். குடிக்காமல் ஆறவிட்டுப் போனார்.

அன்றைக்கு மத்தியானம் சூகிம் அக்கா வந்தாள். கூட்டம் இல்லாத நேரங்களில் வந்து வாத்துத் தோலில் மிச்சமிருக்கும் முள்முடியை இடுக்கியால் பிடுங்கித் தருவாள், அது அவளுக்குப் பழக்கம். ஒரு வாத்தை முடித்து அடுத்ததை எடுத்தாள்.

"நிஜம்தான்" என்றாள், வாத்தைப் பார்த்துக்கொண்டே.

"என்னக்கா?"

"உனக்கு என்னன்னு தெரியும். ஒண்ணரை வருஷம். அப்பாவுக்கு நெஞ்சுல சளி கட்டிப் படுத்துட்டார். எனக்குக் கீழ நாலு பேரு. ரேடியோக் கம்பெனியில எழுதிப் போட்டேன், கண்ணு டெஸ்ட்டுல தள்ளிட்டாங்க."

"அண்ணன்கிட்ட கதைன்னு சொன்னீங்களாமே?"

"அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எதைத் தாங்குமோ அதைச் சொன்னேன்."

"அப்ப ஊர்க்காரங்ககிட்ட ஏன் சொல்றீங்க?"

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். "அதுதான் எனக்கும் தெரியல. ஆறு மணிக்குத் தலை வாரிக்கும்போது, இன்னிக்குச் சந்தையைப் பத்திச் சொல்லிட்டு வந்துடலாம்னுதான் நினைச்சேன். அந்தக் கதவுக்குள்ள போனதும் கல் தரை கால்ல சில்லுன்னு ஏறிச்சு. அதே தரை. என் வாய் தானாச் சொல்ல ஆரம்பிச்சிடுச்சு. நிறுத்தத் தெரியல. அந்தப் பசங்க, அப்புறம் அப்புறம்னு கேக்கறாங்க. ஒருத்தர்கூட மூஞ்சியைச் சுளிக்கல. வெக்கப்படவேண்டியதை இவங்க எதுக்குக் கைதட்டுறாங்கன்னு எனக்குக் குழப்பமா இருக்கு. நீ என்ன நினைக்கிறே?"

நான் என்ன நினைத்தேன்? கொஞ்சம் அதிர்ச்சி, கொஞ்சம் பொறாமை என்றுகூடச் சொல்லலாம். முப்பத்து மூன்று வருஷம் என்னோடு உட்கார்ந்து வாத்து முடி பிடுங்கினவள், என்னிடம் சொல்லாததை முகம் தெரியாத பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். நல்ல பதில் இல்லை. அவளும் அதைத் தெரிந்துகொண்டு இடுக்கியை எடுத்தாள்.

இரண்டாவது சனிக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள். யாரோ படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். வார நாட்களில்கூட ஆட்கள் இரும்புக் கடை வாசலில் வந்து நின்று அக்காவோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஹோக் அண்ணன் அந்த நேரத்தில் சங்கிலிக் குவியலுக்குப் பின்னால் போய் எதையோ தேடுவார். என்ன தேடுகிறார் என்று அவருக்கும் தெரியாது.

மூன்றாவது சனிக்கிழமை நாலு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. கடையில் ஈ கூட இல்லை. ஐந்தரைக்கு அண்ணன் வந்தார். தலையில் தொப்பி, வெளியூருக்குப் போகும்போது போடுகிற சட்டை.

"பிங், என்கூட வரியா? தனியாப் போனா நல்லா இருக்காது."

"எங்கே?"

"பக்கத்து வீட்டுக்குத்தான்" என்றார்.

நாத்தனாரைக் கடையில் உட்காரவைத்துவிட்டுப் போனேன். அண்ணன் வரிசையில் நின்று சீட்டு வாங்கினார். யீஜென் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். எங்கள் இரண்டு பேர் காதிலும் கருவியை மாட்டிவிட்டாள். அவருடைய சொந்தக் கடையையே அந்தப் பெண் அவருக்கு விளக்கினாள். "இங்கே எந்தக் கப்பலோட எந்த உறுப்பும் கிடைக்கும்" என்று அவள் குரல் காதுக்குள் சொன்னது. "பொய்யி. கப்பலைத் தள்ளுற விசிறி கிடைக்காது" என்று அண்ணன் முணுமுணுத்தார்.

பசிபிக் ரோஸுக்குள் நான் அப்போதுதான் முதல் தடவை போகிறேன். சுவரில் அண்ணன் கடைக் கப்பல் ஜன்னல்கள், கண்ணாடி பதித்து. துருப்பிடித்த அந்த வால்வும் இருந்தது, விளக்கு வெளிச்சத்தில் ஏதோ கோயில் சாமான் மாதிரி. பழைய வாசனையும் புது பெயின்ட் வாசனையும் கலந்து மூக்கை அரித்தது. சூகிம் அக்கா உயரமான முக்காலியில், தினம் கடையில் போடும் அதே பூப்போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒலிவாங்கி. நாங்கள் கடைசியில், தூணுக்குப் பின்னால் நின்றோம்.

நான் அறிந்த சூகிம் அக்கா பேசுவதே இல்லை. இவள் அவசரமில்லாமல் பேசினாள். கப்பல் வருகிற நாளில் தையல்காரர் தூங்கமாட்டார் என்றாள். ஒரு ராத்திரிக்குள் சிப்பாய்க்குக் கோட்டு தைத்துத் தரவேண்டும், காலையில் கப்பல் போய்விடும். பெண்கள் எல்லாரும் ஒரே கொண்டைமுடியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டதைச் சொன்னாள். கூட்டம் சிரித்தது.

முன்வரிசையில் ஒரு பையன் கேட்டான். "பெரியம்மா, அங்கே யாரையாவது உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

"சிப்பாய்களையா? அவங்க எல்லாரும் ஒரே மாதிரி இருப்பாங்க. பயந்துபோன பசங்க." ஒலிவாங்கியை மறு கைக்கு மாற்றினாள். "ஒரு நாள் தண்ணி பம்ப்பு நின்னுபோச்சு. கப்பல் வந்த நாள். கிளாஸ் கழுவக்கூடத் தண்ணி இல்ல. முதலாளி பக்கத்து இரும்புக் கடையில சொல்லி ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தார். இருபத்து மூணு வயசு இருக்கும். பின்பக்கம் கொல்லையில இருட்டு. நான்தான் டார்ச் பிடிச்சேன். அரைமணி நேரம் அந்த ஆள் தலையைத் தூக்கல. மத்தவங்க மாதிரி கால்லேருந்து ஆரம்பிச்சுப் பாக்கல. கொஞ்சம் மேல பிடிங்க, கொஞ்சம் கீழ பிடிங்கன்னு, என்னைப் போய் வாங்க போங்கன்னு பேசினார். அந்த இடத்துல என்னை யாரும் அப்படிப் பேசினதில்ல. ஸ்பானர் வழுக்கி உள்ளங்கை கிழிஞ்சுபோச்சு. மேஜைத் துணியைக் கிழிச்சு நான்தான் கட்டுப் போட்டேன். அப்பத்தான் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்துட்டுக் காது வரைக்கும் சிவந்துபோய், பம்ப்பை ஓட விட்டுட்டுப் போயிட்டார்."

"அப்புறம்?"

"அப்புறம் அந்த வேலையை விட்டுட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சுத் தரகர் நாலு போட்டோ கொண்டுவந்தார். நாலுல ஒண்ணு அந்த ஆள். இவர்தான்னு அம்மாகிட்டச் சொன்னேன். பொண்ணு பாக்க வந்தார். என்னைத் தெரியல அவருக்கு."

எல்லாரும் கைதட்டினார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன். இடது கையை விரித்து வைத்து, எழுத்துப் படிக்கிறவர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புக் கடைக்காரர் கையில் தழும்புக்கா பஞ்சம், எது எப்போது பட்டது என்று யார் நினைவு வைத்திருக்கப் போகிறார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். அவர் ஒரு தழும்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு யார் காலையோ மிதித்துக்கொண்டு வெளியே போனார். காதுக் கருவியைக் கழற்றவில்லை. மழையில் தெருக்கோடியைத் தாண்டும் வரைக்கும் அவள் குரல் அவர் காதில் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

அன்று ராத்திரியிலிருந்து அவர் கடைக்குள்ளேயே படுத்தார், சங்கிலிகளுக்கு நடுவே ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டு. அக்கா மூன்று வேளையும் சாப்பாட்டைக் கொண்டுவந்து தொட்டி மேல் வைத்துவிட்டுப் போவாள். சாப்பிட்டார். பேசவில்லை. வியாழக்கிழமை மழை விட்டு, தெரு ஆவியடிக்கிற மத்தியானத்தில் என்னிடம் வந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க அண்ணே."

"அந்தப் பொண்ணை எனக்கு ஞாபகம் இருக்கு."

"எந்தப் பொண்ணு?"

"டார்ச் பிடிச்ச பொண்ணு. இமையில பச்சையா பூசியிருந்தா. உசரமாக் கொண்டை. கை நடுங்காம கட்டுப் போட்டா. நான் அப்பப்ப நினைச்சுக்குவேன். தப்பா ஒண்ணும் இல்ல, சும்மா. கப்பல் சங்கு ஊதினா நினைப்பு வரும். அவ இப்ப எங்க இருப்பாளோ, உசுரோட இருக்காளோ, எவனாவது கூட்டிட்டுப் போயிட்டானோன்னு. பக்கத்துல இவ படுத்திருப்பா. மனசு குறுகுறுக்கும். அதனாலயே மறுநாள் இவகிட்டக் கொஞ்சம் தன்மையாப் பேசுவேன்."

நான் சிரிக்கவில்லை.

"நாப்பத்தாறு வருஷம் பிங். ஒருத்தியைக் கட்டிக்கிட்டு இன்னொருத்தியை நினைச்சுட்டிருந்தேன். அந்த இன்னொருத்தியும் இவதான்னா, நான் செஞ்சது துரோகமா இல்லையா? நீ சொல்லு."

நான் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"இவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே நாப்பத்தாறு வருஷம் என் முன்னாடி சோறு போட்டிருக்கா. நான் முட்டாள் மாதிரி உக்காந்து தின்னுருக்கேன். கோவம் வருது. யார் மேலன்னுதான் தெரியல. அந்தப் பொண்ணைக் கண்டுபிடிச்சாச்சுன்னு சந்தோஷமாவும் இருக்கு. கண்டுபிடிச்சதும் அவ இல்லாமப் போயிட்டாளேன்னும் இருக்கு. இதெல்லாம் ஒரே நேரத்துல எப்படி இருக்கும்?"

"சூப் குடிக்கிறீங்களா?" என்றேன். எனக்கு வேறென்ன தெரியும். இந்தத் தடவை குடித்தார்.

வெள்ளிக்கிழமை தைனானிலிருந்து மகன் குவான்யூ வந்தான். நாற்பத்து மூன்று வயசு, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார், அடுத்த வருஷம் துணைத் தலைமையாசிரியர் ஆகப்போகிறான் என்று பேச்சு. நல்ல பிள்ளை. எப்போதும் சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டிருப்பான். வீட்டில் பேச இடமில்லாததுபோல மூன்று பேரும் என் கடைக்கே வந்தார்கள். மூன்று மணி, யாரும் இல்லை. அவன் யீஜென்னையும் வரச் சொல்லியிருந்தான். நான் உள்ளே போகப் பார்த்தேன்.

"இருங்க சித்தி. நீங்களும் கேளுங்க" என்றான். பிறகு யீஜென்னிடம், குரலை உயர்த்தாமல், "எங்க அம்மாவைக் காட்டிக் கூட்டம் சேர்க்கறீங்க. என் ஸ்கூல் பசங்க அந்தப் படத்தைப் பார்த்துட்டு என் முதுகுக்குப் பின்னால பேசறாங்க. ஸ்டாஃப் ரூம்ல நான் உள்ள போனா பேச்சு நிக்குது."

"பெரியம்மா வேண்டாம்னா உடனே நிறுத்திடறேன்" என்றாள் யீஜென். அவள் முகமும் வெளிறித்தான் இருந்தது. "நான் கதை கேட்டது வாஸ்தவம். இப்படி ஒண்ணு வரும்னு எனக்குத் தெரியாது."

"நிறுத்தினா போதாது. இதெல்லாம் கற்பனை, நடிப்புன்னு எழுதிப் போடுங்க. அம்மா பேரைப் போட்டு எழுதுங்க."

எல்லாரும் சூகிம் அக்காவைப் பார்த்தோம். அவள் மேஜை மேலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்து நீளம் பார்த்து ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிப் போடும்மா" என்றாள் யீஜென்னிடம். "கதைன்னு எழுது. நான் முதல்லயே அதைத்தானே சொன்னேன்."

"அவ்வளவுதான்" என்று குவான்யூ மூச்சை விட்டான். "நீங்க ரெண்டு பேரும் என்கூட வந்துடுங்க அம்மா. இந்த இரும்பை யாருக்காவது தள்ளிவிட்டுடலாம். இந்த ஊர் முன்ன மாதிரி இல்ல."

"முன்ன எப்படி இருந்துச்சு?" என்றார் ஹோக் அண்ணன்.

ஆறு நாளைக்குப் பிறகு அக்கா முன்னால் அவர் வாயைத் திறந்தது அப்போதுதான். மகனுக்கு அது கேள்வி என்றே படவில்லை.

"கதைன்னு எழுதக் கூடாது" என்றார். "நடந்தது அது."

"அப்பா, உங்களுக்கு என்ன தெரியும்?"

"நான் அங்கே இருந்தேன். பம்ப்புக்கு அடியில படுத்திருந்தேன். வாஷர் தேய்ஞ்சு போயிருந்துச்சு, தோல் வாஷர். என் பெல்ட்டை வெட்டித்தான் புதுசு போட்டேன்." பிறகு, அக்காவைப் பார்க்காமல், "ஆனா டார்ச் அவளோடது இல்ல. என் டார்ச்சு. கடையிலேருந்து நான் கொண்டுபோனது."

"யாரோடதுன்னு நான் சொல்லலியே. பிடிச்சது நான்னுதான் சொன்னேன்" என்றாள் அக்கா.

"சரி. பிடிச்சது நீதான்."

"அப்பா, அதுக்காகக் காலேஜ் பசங்க முன்னாடி மைக்கைப் பிடிச்சு..."

"நீ என்ன பாடம் சொல்லித் தரே?" என்றாள் அக்கா மகனிடம். கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"இங்கிலீஷ். ஏன்?"

"உன்னைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கறதுக்கு முன்னாடியே இங்கிலீஷ்ல நூறு வரைக்கும் எண்ணுவே. போல்ட்டை வெச்சு நான்தான் சொல்லிக் குடுத்தேன். எங்கேம்மா கத்துக்கிட்டேன்னு ஒரு நாள் கேட்டே. ரேடியோன்னு சொன்னேன்."

என் புகையடுப்பில் கரும்புச் சக்கை படபடவென்று வெடித்தது. வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். குவான்யூ மேல் பித்தானைக் கழற்றினான், மறுபடி போட்டான்.

"எழுதட்டுமா, வேண்டாமா?" என்று யீஜென் மெதுவாகக் கேட்டாள். எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டுக் கைப்பேசியைப் பையில் போட்டாள்.

"ஏன் என்கிட்டச் சொல்லல?" ஹோக் அண்ணன் இப்போது நேராக அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்கே தெரியும்னு காத்திருந்தேன். பொண்ணு பாக்க வந்தப்ப காத்திருந்தேன். கல்யாணத்தன்னிக்கு மூஞ்சிக்குப் பவுடர் போட்டாங்க, இப்பத் தெரிஞ்சிடும்னு காத்திருந்தேன். முதல் வருஷம் பூராக் காத்திருந்தேன். அப்புறம் இவன் பொறந்தான். அதுக்கப்புறம் தெரியாம இருந்தாத் தேவலைன்னு ஆயிடுச்சு."

"இமையில பச்சை இருந்துச்சே" என்றார் அண்ணன், ஏதோ நியாயம் கேட்கிறவர் போல.

"அது அழிஞ்சிடும்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். புரிந்ததற்கா, புரியாததற்கா என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதுகிற இன்றைக்கு வரைக்கும் அவருக்கு அது தீரவில்லை. அக்கா சனிக்கிழமை தோறும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வருகிறாள். அவர் அந்த நேரத்தில் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இருப்பார், ஒரு தடவைகூட மறுபடி கேட்கப் போனதில்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறான், மழை, முட்டிவலி, பேத்தியின் பரீட்சை என்று எல்லாம் பேசுகிறான், அதை மட்டும் பேசுவதில்லை. நான் கட்டினது ஒருத்தியையா ரெண்டு பேரையா என்று அண்ணன் என் பெஞ்சில் உட்கார்ந்து இப்போதும் கேட்பார். ஆனால் அன்றைக்கே கட்டிலை மடித்துச் சங்கிலிக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

அன்று நான் நாலு தட்டில் சோறு வைத்து, வாத்துக் கொழுப்பை ஊற்றி, எல்லாருக்கும் கறி வெட்டினேன். யீஜென்னும் உட்கார்ந்தாள். பாதி சாப்பிட்டபோது ஹோக் அண்ணன் குச்சியை வைத்துவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"அங்கே உன்னை என்னன்னு கூப்பிட்டாங்க? பேரு ஒண்ணு வெச்சிருப்பாங்களே."

அக்கா மகனைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள்.

"டோரிஸ்."

அண்ணன் அதை வாய்க்குள் போட்டுப் புரட்டிப் பார்த்தார். "தோரிசு" என்றார்.

"தோரிசு இல்லப்பா" என்றான் குவான்யூ, வாய் நிறையச் சோற்றோடு. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. காது வரைக்கும் சிவந்துபோனான். இருந்தாலும் வாத்தியார் இல்லையா, பாதியில் விட முடியவில்லை. "டோரிஸ். டோ. ரிஸ்."

"டோரிஸ்" என்றார் ஹோக் அண்ணன், இந்தத் தடவை சரியாக.

"ம்?" என்றாள் சூகிம் அக்கா, சட்டென்று நிமிர்ந்து.